எங்களைக் கும்பிட்ட சாமி

எங்க தோட்டத்துல எங்களைப் பாத்துக் கும்பிடுறவங்கன்னு பாத்தா ரெண்டே வகைதான். ஒண்ணு, ஓட்டுக் கேக்க வாறவன். இன்னொண்ணு, பெட்டிக்குள்ள கையைச் சேத்து ஜெபமாலை சுத்திப் படுக்க வச்சிருக்கிற பொணம். மொதல் ஆளு ஜெயிச்சதும் கையை எறக்கிருவான். ரெண்டாவது ஆளை நாங்க மண்ணுக்குள்ள எறக்கிருவோம். இந்த ரெண்டுலயும் சேராம, போற நேரம் வாற நேரமெல்லாம் எங்களைப் பாத்துக் கும்பிட்ட ஒரே மனுசன் அவருதான். அதனாலயே எங்க ஆளுங்களுக்கு அவரு மேல சந்தேகம் வந்திருச்சு.

நான் த்ரீவீல் ஓட்டுறவன். வேதக்காரன். எங்க மலையில முக்கால்வாசிப் பேரு மாரியம்மன் கோயில், மிச்சம் நாங்க மாதா கோயில். கொரோனா முடிஞ்சும் முடியாத நேரம், புது ஃபாதர் வாறாரு, கஹவத்தை டவுனுக்குப் போயி ஏத்திக்கிட்டு வான்னு எங்க கோயில் கமிட்டியில சொன்னாங்க. பஸ்ஸ விட்டு எறங்குனாரு. மெலிஞ்ச ஆளு. என் வயசுதான் இருக்கும். தோள்ல ஒரு பை, கக்கத்துல கறுப்புக் குடை. நான் முன்னுக்குப் போயி மாஸ்க்கைக் கொஞ்சம் எறக்கிட்டு "தோத்திரம் சாமி"ன்னு தலையைக் குனிஞ்சேன். நாங்க தோத்திரம் சொன்னா சாமிமாரு பெருவிரலால நெத்தியில ஒரு சிலுவை போட்டு விடணும். அதுதான் எங்க வழக்கம். நெத்தியை நீட்டிக்கிட்டு நிக்கிறேன், நிக்கிறேன், ஒண்ணும் வந்து விழல. நிமிந்து பாத்தா மனுசன் ரெண்டு கையையும் நெஞ்சுக்கிட்ட கூப்பி, என்னை விடக் கீழ குனிஞ்சு நிக்கிறாரு.

"வணக்கம் அண்ணன்."

நான் பின்னால திரும்பிப் பாத்தேன், எனக்குப் பின்னாடி எவனாவது பெரிய மனுசன் நிக்கிறானான்னு. அன்னாசி விக்கிறவன்தான் நின்னான். அவனையும் கும்பிட்டாரு. பஸ் கண்டக்டரைக் கும்பிட்டாரு. த்ரீவீல் பார்க்குல இருந்த எங்க பயலுவ அத்தனை பேரையும் கும்பிட்டாரு. நாய் ஒண்ணுதான் பாக்கி. அதுவும் படுத்துத் தூங்கிக்கிட்டிருந்ததால தப்பிச்சுது.

போற வழியில மெழுகுதிரி வாங்கணும்னு முதலாளி கடையில நிப்பாட்டச் சொன்னாரு. முதலாளி சிங்கள ஆளு, பன்சலைக்கு, அதான் புத்தர் கோயிலுக்கு, போற நல்ல மனுசன். ஃபாதர் கையைக் கூப்பினதுதான் தாமதம், "ஐயோ ஃபாதர், எப்பா எப்பா! பவ்!"ன்னு கல்லாவ விட்டே எந்திரிச்சுட்டாரு. வேணாம் வேணாம், பாவம்ங்கிறாரு. அவங்க வழக்கத்துல ஹாமுதுருவ, அதான் புத்த பிக்குவ, நாமதான் கும்பிடணும், ஹாமுதுரு யாரையும் திருப்பிக் கும்பிட மாட்டாரு. சாமியாரு கையால கும்பிடு வாங்குறது அவருக்குத் தலையில கல்லைத் தூக்கி வச்ச மாதிரி. அன்னையிலேர்ந்து இவரு குடையைத் தூரத்துல கண்டாலே முதலாளி உள்ள போயி அரிசி மூட்டைய எண்ண ஆரம்பிச்சிருவாரு.

ஏறினதும் நான் கேட்டுட்டேன். எனக்கு மனசுல ஒண்ணு இருந்தா வாய் சும்மா இருக்காது.

"ஏங்க சாமி, எங்களை எதுக்கு நீங்க கும்பிடுறீங்க?"

"உங்களுக்குள்ள ஆண்டவர் இருக்கிறார் எல்லோ அண்ணன். அவரைத்தான் கும்பிடுறன்."

பேச்சைக் கேட்டதும் யாழ்ப்பாணத்துப் பக்கம்னு தெரிஞ்சு போச்சு. எனக்குள்ள ஆண்டவரு இருக்காரோ என்னவோ, அன்னைக்கு மத்தியானம் தின்ன பலாக்காய்தான் இருந்துச்சு. அதைச் சொல்லல. கொரோனாவுக்குப் பயந்து தொடாம இருக்காரு போலன்னு நெனச்சுக்கிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்தக் கையை ஒரு எடத்துல வைக்கத் தெரியாது அவருக்கு. வண்டியில பின்னால ஒக்காந்திருப்பாரு, கண்ணாடியில பாத்தா கை ரெண்டும் சேந்து சேந்து பிரியும். ரப்பர் மலை வழியில பால் வாளியோட ஒரு பொம்பளை எதுக்க வந்தா கும்பிடு. கொழுந்து நிறுக்கிற மடுவத்துல நிக்கிறவங்களுக்குக் கும்பிடு. மழை கொட்டினாலும் விட மாட்டாரு. குடையைக் கக்கத்துல இடுக்கிட்டு, தலையெல்லாம் நனையக் கும்பிடு போட்டுட்டுத்தான் குடைக்குள்ளயே வருவாரு. "சாமி, காய்ச்சல் வந்திரும்"ன்னு கத்துவேன். "ஒரு நிமிசம் அண்ணன்"ம்பாரு. அவரை ஏத்திக்கிட்டுப் போனா எனக்கே கை காலெல்லாம் ஒரு மாதிரி பரபரன்னு இருக்கும்.

இவருக்கு முன்னாடி இருந்த பெரிய சாமி கெழவரு, பொல்லாத கோவக்காரரு. பூசைக்குப் பிந்தி வந்தா வாசல்லயே வச்சு ஏசுவாரு. ஆனா பூசை முடிஞ்சு வாசல்ல நின்னாருன்னா வரிசையா எல்லாரு நெத்தியிலயும் அந்தப் பெருவிரலு விழும். "சொரசொரன்னு இருக்கும், மூக்குப்பொடி நாத்தம் வேற"ன்னு எங்கம்மா சொல்லும். சொல்லிட்டு, "அது நெத்தியில பட்டாத்தான்டா எனக்கு அடுத்த நாள் மலைக்குப் போகக் கால் வரும்"ன்னும் சொல்லும். எங்கம்மா ஆயுசு பூரா ரப்பர் பால் வெட்டுனவங்க. அவங்களைத் தொரையும் தொட்டதில்ல, ஆபீஸ் ஐயாமாரும் தொட்டதில்ல, செக்ரோல்ல, அதான் பேர்ப் பதிவுல, பேரைக் கூப்பிட்டு எட்டத்துல நின்னே பேசுவாங்க. பெரிய எடத்துலேர்ந்து ஒரு கை வந்து மேல படுறதுன்னா அது ஞாயித்துக்கிழமை அந்த ஒரு விரல்தான்.

அந்த விரலை அவங்க எனக்கும் போடுவாங்க. காலையில நான் வண்டியை ஸ்டார்ட் பண்ண முந்தி வந்து பெருவிரலால நெத்தியில ஒரு சிலுவை. எனக்கு நாப்பது தாண்டிருச்சு, பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பயலுவ பாத்துச் சிரிக்கிறானுவ, வேணாம்மான்னா கேக்காது. "பெத்தவ கையி படாம ரோட்டுல போகாத"ன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போகும்.

புது ஃபாதர் வந்த மொதல் ஞாயிறு எங்கம்மா வரிசையில போயி நெத்தியை நீட்டுனாங்க. அவரு கும்பிட்டாரு. வீட்டுக்கு வந்து, "மறந்துட்டாரு போல"ன்னாங்க. அடுத்த ஞாயிறும் நீட்டுனாங்க. அதுக்கும் கும்பிடு. "கொரோனால்லம்மா, யாரையும் தொடக்கூடாது"ன்னேன். சரின்னாங்க. அப்புறம் கொரோனா போச்சு, மாஸ்க் போச்சு, எல்லாரும் பழையபடி கட்டிப்புடிச்சு அழுதாங்க, சிரிச்சாங்க. அவரு கும்பிடு மட்டும் போகல.

இந்தியாவுல போயிப் படிச்சவராம். அங்க பூசையெல்லாம் நம்ம ஊரு முறைக்கு மாத்திட்டாங்களாம். வெள்ளைக்காரன் கொண்டு வந்த முட்டி போடுறதுக்குப் பதிலா குனிஞ்சு கும்பிடுறது, கை குலுக்குறதுக்குப் பதிலா கும்பிடுறது, வாசல்ல சந்தனம், நடுவுல குத்துவிளக்கு. எல்லாத்தையும் எங்க கோயிலுக்குக் கொண்டு வந்தாரு. சமாதானம் சொல்ற நேரம் ஆளுக்காளு கும்பிடணும்னாரு. எங்க வீட்டுக்காரி என் பக்கம் திரும்பி என்னைக் கும்பிட்டா. கல்யாணம் கட்டினதுலேர்ந்து அப்படி ஒரு மரியாதைய நான் கண்டதில்ல, அப்படியே உருகிப் போயிட்டேன். கும்பிட்ட கையை எறக்காமலே, "கேஸ் சிலிண்டர் முடிஞ்சிருச்சு, போற வழியில எடுத்துட்டுப் போவணும்"ன்னா.

செருப்பைக் கழட்டிட்டு வரணும், சந்தனம் பூசிக்கணும்னதும் மாரியம்மன் கோயில் ஆளுங்க சிரிச்சாங்க. "என்னாப்பா, நம்ம பக்கம் வந்துட்டீங்களா?"ன்னு கேப்பாங்க. வேற சில பேரு, "நம்ம புள்ளைங்கள இழுக்குறதுக்குத்தான் நம்ம சந்தனத்தை எடுக்குறாங்க"ன்னு மொறைப்பாங்க. எங்க ஆளுங்களோ, "இதுக்கா நாங்க வேதத்துல இருக்கோம்?"ம்பாங்க. மனுசன் எல்லாரையும் கிட்டச் சேக்கணும்னு பாத்தாரு, எல்லாருமா சேந்து அவரை எட்ட வச்சுட்டாங்க.

திருவிழாக் கூத்தைக் கேளுங்க. பூசை வைக்கிறதுக்குத் தூரத்துலேர்ந்து ஒரு பெரிய ஃபாதர் வந்தாரு. கடற்கரைப் பக்கத்து சிங்கள ஆளு, வெள்ளை அங்கி பளபளன்னு. "வாசலில ஆராத்தி எடுத்து வரவேற்கோணும்"ன்னு இவரு எங்க பொம்பளைங்ககிட்ட சொல்லிட்டுப் போயிட்டாரு. இவரு மனசுல வச்சிருந்தது தட்டுல பூவும் விளக்கும். எங்க பொம்பளைங்களுக்குத் தெரிஞ்ச ஆராத்தி ஒண்ணுதான். மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பைக் கலக்கிச் செக்கச் செவேர்னு ஆக்கி, வெத்தலையில கற்பூரம் ஏத்தி, பொண்ணு மாப்பிள்ளைக்குச் சுத்துற ஆராத்தி. எங்க வீட்டுக்காரிதான் தட்டை ஏந்திக்கிட்டு முன்னுக்கு நின்னா. பெரிய ஃபாதர் பாத்தாரு. கோயில் வாசல்ல ஒருத்தி தட்டுல தண்ணி வச்சுக்கிட்டு நிக்கிறா. கோயில் வாசல்ல தண்ணின்னா தீர்த்தம்தானே? விரலை நல்லா முக்கி எடுத்து, நெத்தி, நெஞ்சு, எடது தோளு, வலது தோளுன்னு பக்தியாச் சிலுவை போட்டுக்கிட்டாரு.

வெள்ளை அங்கியில மூணு எடத்துல செவப்பு. நெத்தியில ஒண்ணு, அது மூக்கு வழியா வடியுது. பூசை முழுக்க அவரைப் பாக்கப் பாக்க, துப்பாக்கிச் சூடு பட்டு வந்த ஆளு ஓதுற மாதிரி இருந்துச்சு. மாரியம்மன் கோயில் தலைவரு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஒங்க பெரிய சாமிக்குக் கண்ணு பட்டுருச்சா, இல்ல கல்யாணமா?"ன்னு கேட்டாரு. எனக்குச் சிரிப்பும் வருது, மானமும் போகுது.

இவரு யாரையும் ஏசல. பின்னேரம் எங்க வீட்டுக்காரி முன்னால வந்து நின்னு, "பிழை என்னிலைதான் அக்கா, நான் விளங்கச் சொல்லேல்லை"ன்னு கையைக் கூப்பிக் குனிஞ்சாரு. அவ ஓன்னு அழுதுட்டா. ஒரு சாமியாரு தன்கிட்ட மன்னிப்புக் கேட்டா குடும்பத்துக்கு ஆகுமான்னு அவளுக்குப் பயம். அன்னைக்கு ராத்திரி எங்கம்மா சொன்ன ஒரு வார்த்தை மட்டும் எனக்குக் குத்துச்சு. "இவ்வளவு கும்பிடுறதுக்கு ஒரு தடவை தொட்டா என்னவாம்?"

இந்தக் கேள்வி எங்கம்மாவுக்கு மட்டும் வந்ததுன்னா பரவாயில்ல. கமிட்டித் தலைவரு அந்தோணி கங்காணிக்கும் வந்திருச்சு. அவரு வேலையை விட்டு வருசமாச்சு, ஆனா வாய் இன்னும் வேலையிலதான் இருக்கு. மடுவத்துக்கிட்ட ஒக்காந்துக்கிட்டு ஒரு நாள் சொன்னாரு.

"எலேய், விளங்கலையா ஒங்களுக்கு? யாழ்ப்பாணத்துப் பெரிய சாதி ஆளு அவரு. நம்மளத் தொட்டாத் தீட்டு. வாயால சொல்ல முடியாதுல்ல, அதான் கும்பிட்டுக் கும்பிட்டு எட்ட நிக்கிறாரு."

"சும்மா இருங்க கங்காணி, அவரு அப்படி ஆளில்ல"ன்னேன்.

"அப்படியா? கொரோனாவுல கெடந்த மேல்லயத்து மாசிலாமணிக்கு நோய்க்கு ஜெபிச்சு எண்ணெய் பூசுனாரே, எதால பூசுனாரு? நீதானே கூட்டிட்டுப் போன?"

காது குடையுற பஞ்சுக் குச்சியாலதான் பூசுனாரு. நான் வாசல்லேர்ந்து பாத்தேன். அது கொரோனாக் காலம், மேலேர்ந்து அப்படித்தான் செய்யச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா கொரோனாவ எடுத்துட்டுக் குச்சிய மட்டும் சொன்னா கதை வேற மாதிரி ஆயிருதே! ஒரு வாரத்துல அந்தக் குச்சி எல்லா லயத்துக்கும் போயிட்டு வந்திருச்சு.

அதோட விட்டுச்சா? ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்தாரு. எங்கம்மா செம்புல தண்ணி குடுத்தாங்க. அண்ணாந்து, செம்பு வாயில படாம, மேலேர்ந்து ஊத்திக் குடிச்சாரு. இந்தியாவுல ஹாஸ்டல்ல எல்லாருக்கும் ஒரே செம்பாம், அப்படிக் குடிச்சுப் பழகிருச்சாம். இதை அவரு எங்கிட்ட வேற ஒரு நாள் சாதாரணமாச் சொன்னாரு. எங்கம்மாவுக்கு யாரு சொல்றது? செம்பைத் திருப்பி வாங்கி, வாய் வைக்காத வெளிம்பைப் பாத்துக்கிட்டே நின்னாங்க. அவங்க சின்னப்புள்ளையா இருக்கையில டவுன்ல தேத்தண்ணிக் கடையில நம்ம ஆளுங்களுக்கு மட்டும் தேங்காச் செரட்டையில ஊத்திக் குடுத்த கதையை எனக்குச் சொல்லிருக்காங்க. அன்னைக்கு அதைத் திருப்பிச் சொல்லல. சொல்லாமலே எனக்குக் கேட்டுச்சு.

அதுக்கப்புறம் எங்கம்மா பூசைக்குப் போகும், வரிசைக்குப் போகாது. பக்கத்து வாசலால வந்திரும்.

இப்படி இருக்கையிலதான் எங்கம்மாவுக்கு வயித்துல கட்டின்னு கண்டுபுடிச்சாங்க. ரத்தினபுரியில பாத்துட்டு, கொழும்புல ஆப்பரேசன், திங்கக்கிழமை வந்து படுக்கணும்னு துண்டு குடுத்துட்டாங்க. வேன் பேசியாச்சு, உடுப்பு மடிச்சாச்சு. சனிக்கிழமை காலையில எங்கம்மா கட்டில்ல ஒக்காந்துக்கிட்டு, "நான் போகல"ன்னுச்சு.

"என்னம்மா வெளையாடுறீங்களா?"

"சாமி கையி நெத்தியில படாம நான் கத்திக்கு அடியில போயிப் படுக்க மாட்டேன்."

"அவ்வளவுதானே? நான் போயி சாமிய வரச் சொல்றேன். போடச் சொன்னாப் போடப் போறாரு."

"நீ கேக்கக் கூடாது. கேட்டு வாங்குறதுக்கு அது என்ன நிவாரண அரிசியா? அவருக்கா மனசு வந்து போடணும். வரலைன்னா நான் இங்கயே கெடக்குறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. கேக்கவும் கூடாது, கெடைக்காமப் போகவும் மாட்டேன்னா மனுசன் என்ன செய்யிறது? எங்க வீட்டுக்காரி காலைப் புடிச்சுக் கெஞ்சிப் பாத்தா. டாக்டரு தள்ளிப்போட்டா ஆபத்துன்னாரேன்னு அழுதா. எங்கம்மா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. நான் சாவியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். கேக்கக் கூடாதுன்னுதானே சொன்னுச்சு, கூட்டிட்டு வரக் கூடாதுன்னு சொல்லலையே!

ஆப்பரேசன்னு சொன்னதும் ஃபாதர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சாரு. சின்னப் பையில எண்ணெய், புத்தகம், குடை. வழியெல்லாம் மழை. மழையிலயும் அந்தக் கை ஓயல. மழைக்குத் தலையில சாக்குக் கொங்காணி போட்டுக்கிட்டு நின்ன பொம்பளைங்களைப் பாத்துக் கும்பிடுறாரு. அவளுக திருப்பிக் கும்பிடாம மொகத்தைத் திருப்பிக்கிறாளுக. கண்ணாடியில அவரு மொகத்தைப் பாத்தேன். விளங்காத புள்ளை மாதிரி இருந்துச்சு. எனக்குப் பாவமாவும் இருக்கு, எரிச்சலாவும் இருக்கு. தொட்டுத் தொலைச்சா என்னய்யா உனக்குன்னு கேக்க வாய் வரைக்கும் வருது.

எங்க வீட்டுக் காம்பராவுல நுழைஞ்சாரு. வழக்கம் போலக் கையைக் கூப்பிக் குனிஞ்சாரு. எங்கம்மா எந்திரிச்சு ஒக்காந்து, அவங்களும் கையைக் கூப்பிக்கிட்டாங்க. அது மரியாதைக் கும்பிடு இல்ல. விரலுக்கு விரல் எறுக்கி, பூட்டுப் போட்ட மாதிரி. ஃபாதர் ஜெபத்தைச் சொன்னாரு. எண்ணெய் பூசணும்னா நெத்தியிலயும் ரெண்டு உள்ளங்கையிலயும் பூசணும். எங்கம்மா கையைத் தெறக்கல.

"அம்மா, கையை விரியுங்கோ."

தெறக்கல. நெத்திக்காவது போடலாம்னு நெனச்சாரோ என்னவோ, பைக்குள்ள கையை விட்டாரு. எடுத்தாரு பாருங்க, காகிதத்துல சுத்தின பஞ்சுக் குச்சி!

எனக்குள்ள ஏதோ அறுந்து போச்சு. அம்மா சொன்னதெல்லாம் மறந்து போச்சு.

"சாமி, அந்தக் குச்சிய உள்ள வைங்க! எங்களைத் தொட்டா ஒங்களுக்கு என்ன ஒட்டிக்கிறப் போவுது? அம்மா சாகக் கெடக்குது, ஒங்க கையி நெத்தியில படாம ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேங்குது. நீங்க பெரிய சாதின்னா அது ஒங்க ஊருல இருக்கட்டும். இது எங்க லயம்!"

எங்க வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கிட்டா. குச்சி அவரு கையிலேர்ந்து கீழ விழுந்திருச்சு.

"ஆர் சொன்னது?"ன்னு கேட்டாரு. "நான் பெரிய சாதியெண்டு ஆர் அண்ணன் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"ஆப்பரேசன் செய்யப் போற உடம்பு, கிருமி பட்டிடுமெண்டுதான் அம்மா குச்சி கொண்டு வந்தன்"னு எங்கம்மாகிட்டச் சொன்னாரு. அப்புறம் அங்க இருந்த முக்காலியில ஒக்காந்துட்டாரு. அவரு ஒரு எடத்துல அப்படி ஒக்காந்து நான் பாத்ததே இல்ல. கை ரெண்டும் மடியில சும்மா கெடந்துச்சு.

"எங்கட ஊர்க் கோயிலிலை எங்கட ஆக்கள் கடைசியிலைதான் நிக்க வேணும். பூசை முடிய எல்லாரும் சாமியிட்டைப் போவினம். பெரிய வீட்டு ஆக்களுக்கு நெத்தியிலை தொட்டுச் சிலுவை போடுவார். என்ரை அப்பா போய் நிண்டால் கையைத் தூக்கிக் காத்திலை போடுவார். விரல் படாது. அப்பா ஒவ்வொரு கிழமையும் நெத்தியை நீட்டுவார். நான் பக்கத்திலை நிண்டு பாப்பன். நான் சாமியாராப் போகேக்கை ஒண்டு நினைச்சன். ஒராளைத் தொட்டு ஒராளைத் தொடாமல் விடுற கை எனக்கு வேண்டாம். கும்பிட்டால் தொரைக்கும் ஒண்டுதான், பால் வெட்டுறவைக்கும் ஒண்டுதான். குறையும் இல்லை, கூடவும் இல்லை."

சொல்லிட்டுக் கீழ பாத்துக்கிட்டிருந்தாரு. எதை இந்த ஆளு கண்டு ஓடி வந்தாரோ, அதையே அவரு தலையில கட்டி விட்டிருக்கோம்.

எங்கம்மா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைசியில கும்பிட்ட கையை மெதுவாப் பிரிச்சாங்க.

"அதெல்லாம் சரி சாமி. எனக்குத் தொட்டுப் போடுங்க."

அவ்வளவுதான் சொன்னாங்க. அவரு எந்திரிச்சு, பெருவிரலை எண்ணெயில தொட்டு, எங்கம்மா நெத்தியில வச்சாரு. சிலுவை கோணலாத்தான் விழுந்துச்சு. எங்கம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க, ரெண்டு பக்கமும் தண்ணி எறங்குச்சு. அப்புறம் உள்ளங்கை ரெண்டுலயும் பூசுனாரு. ரப்பர் கத்தி புடிச்சுக் காச்சுப் போன கையி அது. அதைக் கொஞ்ச நேரம் புடிச்சுக்கிட்டே நின்னாரு.

"ஒங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் படலையா சாமி?"

"இல்லை அம்மா. செத்தாப் பிறகு நான்தான் போட்டன்."

"அப்ப ஒங்களுக்கு?"

அவருக்கு விளங்கல. "எனக்கு என்ன அம்மா?"

"ஒங்களுக்கு யாராவது போட்டாங்களா?"

எங்கம்மா, "இங்க குனிங்க"ன்னாங்க. என்னைய அதட்டுற அதே குரல். அவரு குனிஞ்சாரு. உள்ளங்கையில இருந்த எண்ணெயில பெருவிரலைத் தேய்ச்சு, காலையில எனக்குப் போடுற மாதிரியே, அவரு நெத்தியில மேலேர்ந்து கீழ ஒண்ணு, குறுக்க ஒண்ணு, நல்லா அழுத்திப் போட்டாங்க. "ரோட்டுல பாத்துப் போங்க"ன்னாங்க.

எங்கம்மா திங்கக்கிழமை வரைக்கும் மொகம் கழுவல. பேசாம வேன்ல ஏறிப் போனாங்க, கட்டிய எடுத்துட்டுத் திரும்பி வந்தாங்க, அந்தோணி கங்காணிய மடுவத்துல வச்சே கிழிகிழின்னு கிழிச்சாங்க. ஃபாதர் அடுத்த வருசம் வேற எடத்துக்கு மாறிப் போயிட்டாரு. அதெல்லாம் தனிக் கதை. எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிறது, அன்னைக்கு அவரைத் திருப்பிக் கொண்டு போயி விட்டதுதான்.

வழியில கண்ணாடியில பாத்தேன். நெத்தியில எண்ணெய் மினுமினுன்னு இருக்கு, ஒரு சொட்டு புருவத்துக்கிட்ட வந்து நிக்குது. தொடைக்கல. வளைவுல வண்டி குலுங்குன நேரமெல்லாம் நெத்தி ஹூட்டுல பட்டுறாம கழுத்தை வெறைப்பா வச்சுக்கிட்டிருந்தாரு. கோயில் வாசல்ல நிப்பாட்டுனேன், மழை அடிச்சு ஊத்துது. இப்பக் குடையைக் கக்கத்துல இடுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே கும்பிடுவாருன்னு நானும் பதிலுக்குக் கையைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னேன். அன்னைக்கு ஒரு நாள்தான் அவரு என்னைக் கும்பிடல. ஒரு கையில எண்ணெய்ப் பை, மறு கையில குடை. நெத்தியில மழை பட்டுறக் கூடாதுன்னு குடையை முன்னுக்குச் சாச்சுப் புடிச்சுக்கிட்டு, முதுகெல்லாம் நனைய உள்ள ஓடிட்டாரு.